இரண்டு பேருக்கும் ஒரே அடி

“கிளீட்டஸுன்னா கை நீளுது, ரோச்சுன்னா சுருங்குது. நான் இன்னைக்கு நேத்தா பாக்கேன்?” என்றது பீப்பி.

மேளம் திரும்பவில்லை. பந்து அப்போது கிளீட்டஸின் காலில் இருந்தது. அவனுக்குரிய அடியைப் பாதியில் நிறுத்த முடியாது. தொம்... தொம்... என்று நிதானமாக விழுந்துகொண்டிருந்தது குச்சி. கிளீட்டஸ் ஒருமுறை தலையைத் தூக்கினான். மைதானத்தின் மறு ஓரத்துக்குப் பந்தை அனுப்பினான். அங்கே முன்பே ஓடத் தொடங்கியிருந்தவன் அதை நெஞ்சில் வாங்கி வலைக்குள் தள்ளினான்.

கரைத்தோப்பு அணி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. மணல்மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் குதித்துக் கத்தினார்கள். பீப்பியும் குதித்தது. குதிக்கும்போதும் அதன் ஒரு கண் மேளத்தின் மேலேயே இருந்தது.

முன்வரிசை ரசிகர்கள் அவர்கள் நான்கு பேர்: கொடி, பீப்பி, குடை, மேளம். மழையோ வெயிலோ, கரைத்தோப்பு எங்கே ஆடினாலும் அங்கே போய்விடுவார்கள். கரைத்தோப்பு ஊர் மைதானத்தில் கேலரி கிடையாது. கடலோர மணலைக் குவித்து ஒரு மேடு போட்டிருந்தார்கள். முன்னால் நிற்பவர்களுக்குப் பந்து தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் பிடரி தெரியும். அதனால் பந்து யாரிடம் போகிறது என்பதை மேளம்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அடி. பந்து யாரை நோக்கிப் போகிறதோ, அவன் அதைத் தொடுவதற்கு முன்பே அவனுடைய அடி கிளம்பிவிடும். பின்னால் நிற்பவன் கண்ணை மூடிக்கொண்டாலும் ஆட்டம் புரியும்.

கிளீட்டஸின் அடி மெதுவானது, இடைவெளி விட்டு விழுவது. ரோச்சின் அடி தகதக தொம், தகதக தொம் என்று ஓடும்.

இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஆடுபவர்கள். நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடம் அது. அங்கே ஒருவனுக்குத்தான் வேலை. கிளீட்டஸுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதிகம் ஓடமாட்டான்; நின்ற இடத்திலிருந்தே பந்தை ஓடவிடுவான். ரோச் இளைஞன். மூன்று பேருக்கு நடுவே பந்தைக் கொண்டுபோய்விடுவான், சில நேரம் அங்கேயே விட்டுவிட்டும் வருவான். அணியின் கோச் முதல் பாதிக்கு ஒருவனையும் அடுத்த பாதிக்கு மற்றவனையும் இறக்கிக்கொண்டிருந்தார். ஏன் அப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை ரசிகர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கொடிக்குக் கிளீட்டஸ்தான். அவன் அணிக்கு வந்த வருஷம் தைத்த கொடி அது. பீப்பிக்கு ரோச். குடைக்கு யாருமில்லை. அப்படித்தான் குடை சொல்லிக்கொள்ளும்.

“நான் எந்தப் பக்கமும் இல்ல. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்” என்று அன்றும் ஆரம்பித்தது. “ரோச் பந்தை எடுக்கையில மேளம் கொஞ்சம் பிந்தி ஆரம்பிக்குதோ? எனக்குக் காது சரியில்ல, தப்பா இருந்தாலும் இருக்கும்.”

“தப்பெல்லாம் இல்ல. கேட்டீரா வே?” என்று பீப்பி மேளத்தின் பக்கம் திரும்பியது. “குடையண்ணாச்சிக்கே தெரிஞ்சிட்டு.”

“அவன் திடீர்னு வாரவன். திடீர்னுதான் அடிக்க முடியும்” என்றது மேளம்.

“கிளீட்டஸ் மட்டும் என்ன, தந்தி அடிச்சிட்டா வாரான்?”

கொடி காற்றில் ஒருமுறை படபடத்து அடங்கியது. “ஏல பீப்பி, ரோச் வந்தா ஒனக்கு மட்டும் எங்கிருந்துல அவ்வளவு மூச்சு வருது? கிளீட்டஸ் நேரத்துல எச்சில் அடைச்ச மாதிரிதான ஊதுத.”

“நீரு மட்டும்? ரோச் ஆடின பாதியில கம்புல சுத்திக்கிட்டுக் கெடந்தீரு. காத்து இல்லியாம்! கடற்கரையில காத்து இல்லியாம்!”

இறுதிப் போட்டிக்குப் போகிறோம் என்று பேச வேண்டிய நேரம் அது. மேட்டிலிருந்து இறங்கும்வரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிலிருந்து மேளத்துக்குத் தன் மேலேயே ஓர் ஐயம் வந்துவிட்டது. கிளப் அறையில் தனியாக இருந்தபோது இரண்டு அடிகளையும் மெல்லத் தட்டிப் பார்த்தது. கிளீட்டஸின் அடி. பிறகு ரோச்சின் அடி. மறுபடியும் கிளீட்டஸின் அடி. இந்த முறை அது கொஞ்சம் இனிமையாக இருப்பதுபோல் தோன்றியது. திடுக்கிட்டு நிறுத்தியது. அறை வாசலில் குடை சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல, வெயிலுக்கு ஒதுங்கினேன்” என்றது குடை. “எந்த அடியைப் பழகுதீரு?”

“ரெண்டையும்தான்.”

“சரி சரி. எனக்கு ஒண்ணுதான் கேட்டுது.”

மறுநாளே முன்வரிசை கூடியது. பின்வரிசையிலிருந்தும் சிலர் வந்து வாசலில் நின்றார்கள். இத்தனை நாள் ஒழுங்காக ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது மேளத்தை மட்டும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ரோச்சின் தகதகவில் ஒரு தக குறைகிறது என்றார் ஒருவர். கிளீட்டஸின் தொம்முக்கு அப்புறம் ஒரு பெருமூச்சு வருகிறது என்றார் இன்னொருவர்.

“யார் மேலயும் பழி போடல” என்றது குடை. “ஆனா ஒருத்தனுக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தனுக்கு வேற மாதிரி அடிச்சா சந்தேகம் வரத்தான செய்யும்? ரெண்டு பேருக்கும் ஒரே அடி அடிச்சிட்டா என்ன?”

பீப்பி கொடியைப் பார்த்தது. கொடி பீப்பியைப் பார்த்தது. மற்றவருக்குச் சாதகமாக எதுவும் இல்லை என்று இரண்டும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டன.

“எனக்குச் சம்மதம்” என்றது பீப்பி.

“அவனுக்குச் சம்மதம்னா எனக்குக் கொஞ்சம் யோசனையாத்தான் இருக்கு. ஆனாலும் சரி” என்றது கொடி.

மேளம் கேட்டது: “அப்ப பின்னால நிக்கவங்களுக்கு யார்கிட்டப் பந்து இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“ரெண்டு பேரும் சேந்து ஆடுறதே இல்லியே வே. முதல் பாதின்னா ஒருத்தன், ரெண்டாம் பாதின்னா மத்தவன். எல்லாருக்கும் தெரியும்” என்றது பீப்பி.

மேளம் குச்சியைக் கீழே வைத்தது.

“நான் மாட்டேன்னா?”

“யாரும் வற்புறுத்தல” என்றது குடை. “ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வாடகைக்குக் கேட்டு வச்சிருக்கோம். பாட்டு மட்டும் போடும். அதுக்கு ஆளும் தெரியாது, பேரும் தெரியாது. நீரு முன்ன இருந்த இடத்துக்கே போயிரலாம்.”

முன்பு இருந்த இடம் கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த அறை. உடைந்த குடில் பொம்மைகளும் எரிந்து தேய்ந்த மெழுகுவர்த்திகளும் போட்டுவைக்கும் இடம். ஒரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் நடுவே மேளம் அங்கே தன் குரலைக் கேட்டதில்லை. எலிகள் வரும். தோலின் ஓரத்தில் பல்லை வைத்துப் பார்த்துவிட்டுப் போகும். திரும்பி வரும். மைதானத்துக்கு வந்த பிறகுதான் தனக்கு இத்தனை அடிகள் இருப்பதே மேளத்துக்குத் தெரிந்தது.

“ஒரே அடியே அடிக்கேன்” என்றது மேளம்.

கொடியும் பீப்பியும் சமமாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். தவறினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கொடி இல்லாமல் அணி போக முடியாது. பீப்பி எப்படியும் ஊதும்.

இறுதிப் போட்டி உப்பளத்தூர் அணியுடன். மேடு நிரம்பிவிட்டது. ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தபோது முன்வரிசையில் ஒரு சலசலப்பு. கிளீட்டஸும் வந்தான், ரோச்சும் வந்தான். கோச் இரண்டு பேரையும் ஒன்றாக இறக்கியிருந்தார்.

“இது என்னது புதுசா இருக்கு?” என்றது கொடி.

“புதுசு இல்ல. கிளீட்டஸால தனியா முடியாதுன்னு கோச்சுக்கே தெரிஞ்சிட்டு. தாங்கிப் பிடிக்க ஆள் போட்டிருக்காரு.”

“ஏல, ரோச் பந்தைத் தொலைச்சா எடுத்துக் குடுக்க ஆள் வேண்டாமா? அதுக்குத்தான் அவன்.”

“ஒரு சந்தேகம்” என்றது குடை. “தோத்தா ரெண்டு பேர் தலையிலயும் போட்டுட்டுக் கோச் தப்பிச்சிரலாம்னு இருக்குமோ?”

இது கொடி, பீப்பி இரண்டுக்கும் பிடித்திருந்தது.

மேளம் மட்டும் குச்சியை எடுக்காமல் யோசித்தது. “அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஒண்ணா நிக்காங்களே. இன்னைக்கும் ஒரே அடிதானா?”

“இன்னைக்குத்தான் முக்கியம்” என்றது பீப்பி. “பக்கத்துல பக்கத்துல நிக்கும்போதுதான யாருக்கு எவ்வளவுன்னு பளிச்சுன்னு தெரியும்!”

ஆட்டம் தொடங்கியது. பந்து கிளீட்டஸிடம் போனாலும் ரோச்சிடம் போனாலும் மேளம் தொம் தொம் தொம் என்று ஒரே சீராக அடித்தது. உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பீப்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது, குற்றம் கிடைக்கவில்லை. கொடியும் கேட்டது, அதற்கும் கிடைக்கவில்லை. பின்வரிசையில் ‘யாருடே? யார்கிட்ட?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைக்கு அது கேட்கவில்லை. ஒருவர் முகத்தில் மற்றவர் திருப்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்தில் ஏதோ சரியில்லை என்று மேளத்துக்குப் பட்டது. வழக்கமாகக் கிளீட்டஸ் தலையைத் தூக்கும் முன்பே ஓரத்தில் ஒருவன் ஓடிவிடுவான். இன்று அவன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினான். ரோச் இரண்டு முறை வெறும் இடத்துக்குப் பந்தை அனுப்பினான்.

“பாத்தீரா? யாருமில்லாத இடத்துக்குக் குடுக்கான்” என்றது கொடி.

“கிளீட்டஸ் அங்க வந்திருக்கணும். வேணும்னு வரல” என்றது பீப்பி.

இரண்டாம் பாதியில் பாதி நேரம் கடந்திருக்கும். உப்பளத்தூர்க்காரன் உயரத் தூக்கி அடித்த பந்து கரைத்தோப்பின் வலைக்கு முன்னால் இறங்கியது. கிளீட்டஸ் ஒரு பக்கம், ரோச் ஒரு பக்கம். யாருக்கும் எட்டும் பந்து. மேளம் அடித்தது. தொம் தொம் தொம்.

கிளீட்டஸ் நின்றான். ரோச்சும் நின்றான். இரண்டு பேரும் ஓர் அடி பின்னால் நகர்ந்து ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். பந்து நடுவில் மணலில் விழுந்து ஒருமுறை எழும்பியது. பின்னால் வந்த உப்பளத்தூர்க்காரன் அதைச் சாவகாசமாக வலைக்குள் போட்டான்.

“விட்டுட்டான்! கிளீட்டஸ் பேரு கெடணும்னே விட்டுட்டான்!” என்று கொடி சீறியது.

“நிறுத்தும் வே! ரோச் மாட்டட்டும்னு நின்னு வேடிக்க பாத்தது யாரு? உம்ம ஆளுதான!”

“முன்னாலயே பேசி வச்சிருப்பாங்களோ?” என்றது குடை.

“யாரு பேசி வச்சா? யார்கிட்ட?” இரண்டும் குடையின் பக்கம் திரும்பின. பிறகு ஒன்றையொன்று பார்த்தன. மைதானத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு கொடியும் பீப்பியும் சண்டையைத் தொடர்ந்தன. பின்வரிசையும் இரண்டாகப் பிரிந்து அதில் சேர்ந்துகொண்டது.

மேளத்தின் அருகில் கோட்டோரமாக ஆட்டக்காரர்களின் தண்ணீர் பாட்டில் இருந்தது. முதலில் ரோச் வந்தான், பின்னாலேயே கிளீட்டஸ்.

“என்னல விட்டுட்ட?” என்றான் கிளீட்டஸ்.

“உங்க அடின்னு நெனச்சேன் அண்ணே.”

“நான் ஒன் அடின்னுல்லா நெனச்சேன்.”

ரோச் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இன்னைக்கு எல்லாம் ஒண்ணு போல கேக்கு. முதுகுக்குப் பின்னால யாரு வாரா, நீங்களா வேற ஆளான்னே தெரிய மாட்டேங்கு. எப்பவும் திரும்பிப் பாக்கவே வேண்டாம்லா.”

“ஆமா. காது அடைச்ச மாதிரி இருக்கு.”

கிளீட்டஸ் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலை நீட்டினான். ரோச் மீதியைக் குடித்தான். இரண்டு பேரும் ஓடிப் போனார்கள். மேளத்தை அவர்கள் பார்க்கவில்லை.

மேளம் குச்சியைப் பிடித்தபடி இருந்தது. பின்னால் நிற்பவர்களுக்காகத்தான் அடிக்கிறோம் என்று அது இத்தனை காலம் நினைத்திருந்தது. முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் காது உண்டு என்பதை யாரும் அதற்குச் சொன்னதில்லை.

மணிக்கூண்டு அறை ஞாபகம் வந்தது. எலிகளின் ஞாபகமும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஒரே அடியை அடித்துவிட்டால் போதும். தோற்றாலும் மேளத்தின் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் இதே மேட்டில் உட்கார்ந்திருக்கலாம். எல்லோருக்கும் ஒன்றுபோல் ஒன்றையுமே சொல்லாத ஓர் அடியை அடித்துக்கொண்டு.

நடுக்களத்தில் பந்து ரோச்சை நோக்கி உருண்டது. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில், கிளீட்டஸ் வந்துகொண்டிருந்தான்.

தொம்... தொம்...

ரோச் திரும்பிப் பார்க்கவில்லை. காலை அகற்றிப் பந்தைப் போகவிட்டான். அவனை மறிக்க வந்த இரண்டு பேரும் அவனோடு நின்றுவிட்டார்கள். கிளீட்டஸ் வந்த வேகத்திலேயே ஓங்கி அடித்தான். வலை உப்பி அடங்கியது.

சத்தம் கேட்டுத்தான் முன்வரிசை திரும்பியது.

“கோலா? நமக்கா? யாரு போட்டா?”

“ரோச்தான், வேற யாரு?”

“கிளீட்டஸ் மாதிரி இருந்துது.”

யாருமே பார்த்திருக்கவில்லை. பார்த்தது மேளம் ஒன்றுதான். எல்லோரும் அதனிடம் வந்தார்கள்.

“கிளீட்டஸ் அடிச்சான்” என்றது மேளம். “ரோச் விட்டுக்குடுத்தான்.”

பீப்பி சிரித்தது. “ரோச்சா? கிளீட்டஸுக்கா? யார் காதுல வே பூ சுத்துதீரு?”

“கிளீட்டஸுக்கு இவன் தயவு எதுக்கு?” என்றது கொடி. “அவன் தனியாத்தான் போட்டிருப்பான். அந்தப் பேருல பாதியை எடுத்து ரோச்சுக்குக் குடுக்கப் பாக்குது இது.”

“சண்ட போடும்போது ஒரு சத்தம் கேட்டுது” என்று குடை நிதானமாக ஆரம்பித்தது. “மெதுவா, இடைவெளி விட்டு. அது பழைய அடி இல்லியோ? கிளீட்டஸோட அடி?”

“ஆமா, அதான் அடிச்சேன்” என்றது மேளம். “அவங்க அதைக் கேட்டுத்தான் ஆடுதாங்க. இப்பதான் எனக்கே தெரியும். நீங்க வேணும்னா அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க.”

“ஓ, ஆட்டக்காரங்ககூட இதுக்குப் பேச்சும் இருக்கோ!” என்றது பீப்பி.

அதன்பிறகு மேளம் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பருவத்தில் முதல் தடவையாகக் கொடியும் பீப்பியும் ஒரே பக்கம் நின்றன. கொடி தன் கம்பை மேளத்தின் அடியில் கொடுத்து நெம்பியது. பீப்பி மறுபக்கத்திலிருந்து தள்ளியது. மேளம் புரண்டு, தோல் மணலில் பதிய, கோட்டோரமாகக் கவிழ்ந்து கிடந்தது. குச்சி எங்கோ போய் விழுந்தது.

“நான் தள்ளச் சொல்லல” என்றது குடை. சொல்லிவிட்டு, கவிழ்ந்த மேளத்தின் மேல் வசதியாக ஏறிப் படுத்துக்கொண்டது. “ஸ்பீக்கர் பெட்டிக்காரனுக்கு ஆள் அனுப்புங்க. இதை ஆட்டம் முடிஞ்சதும் கோயிலுக்குக் கொண்டு போயிரலாம்.”

மணலுக்குள் முகம் புதைந்திருந்த மேளத்துக்கு வெளியுலகம் தூரத்தில் கேட்டது. கொடியும் பீப்பியும் மறுபடி பிரிந்து, அந்தக் கோல் யாருடையது என்று ஆரம்பித்திருந்தன. அதற்கும் அப்பால் கால்கள் ஓடும் சத்தம். ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. இரண்டு அணிக்கும் ஒரு கோல். பந்து எங்கே என்று சொல்ல யாருமில்லை.

ஏதோ ஒன்று மணலில் உருண்டு வந்து மேளத்தின் மேல் முட்டி நின்றது.

“கோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கடே, எறியணும்” என்றது ஒரு குரல். கிளீட்டஸின் குரல். யாரும் நகரவில்லை. பேச்சு மும்முரத்தில் அவன் வந்ததையே அவர்கள் கவனிக்கவில்லை.

அவன் குனிந்து பந்தை எடுத்தான். நிமிர்வதற்கு முன், குடைக்குக் கீழே தெரிந்த மேளத்தின் விலாவில் விரல்களால் ரோச்சின் அடியைத் தட்டினான். தகதக தொம்.

பிறகு பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான்.